ஏற்காட்டில் கண்ணில் படும் காட்டு விலங்குகளைச் சாதாரண ஆட்கள் பதிவு செய்வதால் என்ன பயன்? அதெல்லாம் நிபுணர்கள் வேலை இல்லையா?

காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சேலத்திலிருந்து வாரம் இரண்டு தடவை வண்டியில் ஏறுவேன். 20 கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம். ஆனால் ரொம்ப நாள் குரங்கைத் தவிர எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

ஒருநாள் பாறை மேல் ஓடியதைப் படம் எடுத்துவிட்டு "அணில்" என்றேன். பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். "அணிலா? முதுகுல கோடு எங்க தம்பி?" படத்தைப் பெரிதாக்கினால், கோடு இல்லைதான். கூர்மூக்கு, தோளில் வெளிறிய ஒரு கீற்று, அணிலின் நீள மீசையும் இல்லை. உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினேன். அதிலுள்ள தெரிந்தவர்கள் மர மூஞ்சூறு என்றார்கள். இந்தியாவில் மட்டுமே உள்ள விலங்கு. அறிவியல் பெயர் அனதானா எலியோட்டி. 1913-ல் லயன் என்பவர் வைத்த அந்த 'அனதானா', 'மூங்கில் அணத்தான்' என்ற நம் தமிழ்ப் பெயரிலிருந்து போனது! பெயர் நம்முடையது, பார்த்தால் அடையாளம் தெரியாதது எனக்குத்தான்.

நிபுணர்கள் ஏற்காட்டிலேயே இதை ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து, வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். மழையிலும் பனியிலும் அதே வழியில் போய்வருவது நாம்தான்.

விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. காப்பி பழுக்கும் மாதங்களில் பாறை மேல் கொட்டை கொட்டையாகக் கிடக்கும் எச்சம் மரநாயுடையது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரியும். முள்ளம்பன்றி உதிர்த்த முள், ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் கீரி, எல்லாமே பதிவுதான். படம் மங்கலாக இருக்கலாம். தேதியும் இடமும் சரியாக இருக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் 'பாலூட்டி' என்று மட்டும் போடுங்கள், தெரிந்தவர்கள் திருத்துவார்கள்.

"குரங்கையெல்லாமா பதிவது?" என்று கேட்காதீர்கள். நம் தின்பண்டத்தைப் பிடுங்கும் அதே நாட்டுக் குரங்கை, அழிய வாய்ப்புள்ள இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியிருக்கிறது. ஊரெல்லாம் இருக்கிறதே என்று யாரும் எழுதி வைக்காததுதான், குறையும்போதும் தெரியாமல் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அழுங்கையோ தேவாங்கையோ பார்த்தால் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அழுங்கைச் செதிலுக்கும் தேவாங்கை மாந்திரீகத்துக்கும் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். செயலியில் இடத்தை மறைக்கும் வசதி உண்டு. காட்டெருமை என்றால் வண்டியைத் தள்ளியே நிறுத்துங்கள், செல்ஃபி வேண்டாம்.

என் பதிவுகள் எல்லாம் கொண்டை ஊசி ரோட்டில்தான். ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் நான் போவதே இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் இறங்குகிறவர் என்றால், அங்கிருந்தே தொடங்குங்களேன்.