விக்டோரியா கால ஓவியத்தை நம்பி இறங்கலாமா?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம், கடைசி வருடம். மில்லேயின் 'ஒஃபீலியா' ஓவியத்தைப் பார்த்ததிலிருந்து விக்டோரியா கால ஓவிய வரலாற்று ஆய்வாளராக வேண்டும் என்று ஆசை. இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் இடங்கள் ரொம்பக் குறைவு. அதோடு, படத்துக்கு முன்னால் நின்று ரசிப்பதுதான் வேலை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பாதி வேலை படத்தின் முதுகில்தான். திருப்பிப் பார்த்தால் கான்வாஸ் விற்ற கடையின் முத்திரை, கண்காட்சிக்கு அனுப்பும்போது ஓவியர் தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு, உள்சட்டத்தில் கிறிஸ்டீஸ் ஏலக்காரர்கள் போட்ட கறுப்பு எண், இப்படி ஏதாவது தட்டுப்படும். முத்திரையில் முகவரி இருந்தால், அந்தக் கடை எந்த வருடங்களில் அங்கே இருந்தது என்பதை வைத்தே கான்வாஸின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். எண் இருந்தால் ஏலப் பதிவுகளில் தேடி யார் எப்போது விற்றார் என்று பிடிக்கலாம். ராபர்சன் என்ற லண்டன் வண்ணக் கடையின் பழைய கணக்குப் புத்தகங்களைக்கூட கேம்பிரிட்ஜ் பக்கம் ஹாமில்டன் கெர் நிறுவனத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இந்தத் துப்பறியும் வேலை அலுக்காது என்றால் மேலே படியுங்கள்.

இலக்கியம் படித்தது நல்லதுதான். அந்த ஓவியர்கள் ஷேக்ஸ்பியர், கீட்ஸ், டென்னிசனைக் கரைத்துக் குடித்தவர்கள்.

அருங்காட்சியக வேலை என்றால் லண்டனின் டேட் பிரிட்டன், பர்மிங்காம், லிவர்பூலின் வாக்கர், அமெரிக்காவில் டெலவேர், யேல். பல்கலைக்கழக வேலைக்கு முனைவர் பட்டம் இல்லாமல் நடக்காது. ஏல நிறுவனம் என்றால் கல்வியாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். கையில் படங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் இடம் அதுதான், கண் பழகும். விக்டோரியா கால ஓவியர் அல்மா-டடேமாவின் 'மோசஸ் கண்டெடுக்கப்படுதல்' 1960-இல் ஏலத்துக்கு வந்தபோது வாங்க ஆளில்லை, 2010-இல் நியூயார்க்கில் சுமார் 3.6 கோடி டாலருக்குப் போனது. நடுவில் இந்தக் காலத்து ஓவியத்துக்கே மதிப்பு திரும்பியதில் ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு.

சரி, படிப்பு. லண்டனில் கோர்ட்டோல்ட் கலை நிறுவனம், அப்புறம் யார்க் பல்கலைக்கழகம், இரண்டிலும் முதுகலை ஒரே வருடம்தான். கடன் வாங்கி உடனே கிளம்பாதீர்கள். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், அதை இங்கேயே ஒரு அருங்காட்சியகத்திலோ கேலரியிலோ சேருங்கள், சம்பளம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஆய்வு என்று வந்தபின் லண்டன் பால் மெலன் மையம் பிரிட்டிஷ் கலைக்கென்றே நிதி தருகிறது.

தலைப்பை மட்டும் யோசித்து எடுங்கள். மில்லே காலத்துப் பிரபல ஓவியர் ரோசெட்டியைப் பற்றி எழுத பிரிட்டனில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) அதே விக்டோரியா காலத்தின் குழந்தைதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு பஸ்ஸில் போய்வரும் உங்களுக்கு அது கைக்கெட்டும் தூரம், லண்டனில் இருப்பவருக்கு அப்படியில்லை.