பதில்: 1809இல் நடக்கும் நாவலில் படகு திரும்பி வரும் அத்தியாயம்

உங்கள் நாவலின் நாயகன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் தட்டைப் படகில் மாவும் விஸ்கியும் ஏற்றி, ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியே போய் நியூ ஆர்லியன்ஸில் விற்றுவிட்டு அதே படகில் இரண்டு வாரத்தில் வீடு திரும்புகிறான், நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். போனது சரி, திரும்பியதுதான் இடிக்கிறது.

தட்டைப் படகு நீரோட்டத்தோடு மிதந்து போகக் கட்டிய பெரிய மரப்பெட்டி, எதிரோட்டத்தில் ஏறாது. சரக்கை விற்ற கையோடு அதையும் பிரித்து மரவிலைக்குத் தள்ளிவிடுவார்கள். கீல்போட் (அடியில் நீளமான நடுக்கட்டை வைத்த ஒடுங்கிய படகு) ஏறும்தான், ஆனால் ஆட்கள் கழியைத் தோளில் முட்டுக்கொடுத்து, படகின் ஓரப் பலகையில் முன்னிருந்து பின்னாக நடந்து நடந்து தள்ள வேண்டும், கழி எட்டாத ஆழம் வந்தால் கரையில் இறங்கி வடம் பிடித்து இழுக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாதி வழிக்கு மேல் இருக்கும் லூயிவில் வரவே மூன்று நான்கு மாதம். நீராவிப் படகும் கைகொடுக்காது, அந்த ஆறுகளில் முதலாவது கிளம்பியதே 1811 அக்டோபரில்தான்.

பேசாமல் அவனை நடக்க விடுங்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு வடக்கே மிசிசிப்பிக் கரையில் இருக்கும் நாச்செஸிலிருந்து டென்னசியின் நாஷ்வில் வரை சுமார் 700 கிலோமீட்டர் காட்டுப்பாதை. படகுக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் ஊர் திரும்பினார்கள், மடியில் பணம் இருப்பது தெரிந்து வழிப்பறிக்காரர்களும் காத்திருந்தார்கள். ரெண்டு அத்தியாயம் அங்கேயே கிடைக்கும். அப்புறம், கதையை 1811க்குத் தள்ள முடிந்தால் மிசிசிப்பிக் கரையை உலுக்கிய டிசம்பர் 16 நியூ மாட்ரிட் நிலநடுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.