கைத்தடி ஊன்றினால் ஒரு மதிப்பெண் குறைவா?

கேள்வி: பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்துபோன என் அப்பாவுக்கு மருத்துவமனையில் எஃப்.ஐ.எம். அளவுகோலின்படி மதிப்பெண் போட்டார்கள். யார் துணையுமின்றி நடக்கிறார். ஆனாலும் கைத்தடி ஊன்றுவதால் 7-க்கு 6தான் என்றார்கள். குரல் கேட்டு விளக்கைப் போடும் கருவியையும் வீட்டில் வைத்திருக்கிறோம். இவையெல்லாம் அவருடைய சுதந்திரத்தைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 6-ஐ நினைத்து அப்பா மனம் சோர்ந்திருந்தால், முதலில் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எஃப்.ஐ.எம். என்பது உண்பது, உடுத்துவது, நடப்பது முதலிய 18 செயல்களில் ஒருவருக்குப் பிறர் உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்று கணக்கிடும் அளவுகோல். அதில் 6, 7 இரண்டுக்குமே ‘துணைக்கு ஆள் வேண்டாம்’ என்றுதான் பொருள். கருவியோ கூடுதல் நேரமோ தேவைப்பட்டால் 6. சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், இடம்பெயரும் அந்த ஒரு வரியில் 6-ஐத் தாண்ட முடியாது. சிகிச்சையின் முன்னேற்றத்தை அறிய இது பயன்படுகிறது. ஆனால் ஒரு கருவி வாழ்க்கைக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை இதைக்கொண்டு அளப்பது தவறு என்றே கருதுகிறேன்.

கருவியின் எடை, பாதுகாப்பு, பழுதுபார்ப்புச் சேவை உள்ளிட்ட 12 அம்சங்களில் பயனாளியின் திருப்தியைக் கேட்டறிய ‘குவெஸ்ட்’ என்ற அளவுகோல் இருக்கிறது. எனினும் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். முறை. எதைச் செய்ய இயலாமல் தவிக்கிறோம் என்பதை நோயாளியே சொல்வார். அவற்றுள் தமக்கு முக்கியமான ஐந்து வரை தேர்ந்து, எவ்வளவு நன்றாகச் செய்கிறோம், அதில் எவ்வளவு நிறைவு என்று ஒவ்வொன்றுக்கும் 10-க்கு அவரே மதிப்பெண் இடுவார். சில வாரங்கள் கழித்து மறுபடி கேட்கும்போது 2 புள்ளிகள் உயர்ந்திருந்தால், அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்வது வழக்கம்.

அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி நிபுணர் முறைப்படி செய்வது இது. ஆயினும் இதன் சாரத்தை வீட்டிலேயே பின்பற்றலாம். மதிப்பெண் இட வேண்டியவர் அப்பாதான், நீங்கள் அல்ல. விளக்கைப் போடுவது அவருக்குப் பெரிதாகவே இல்லாமல், காலையில் தாமே காபி கலந்து குடிப்பதுதான் பெரிதாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு கையால் திறக்க முடிகிற டப்பா, அந்தக் குரல் கருவியைவிட மேலான தொழில்நுட்பம். பக்கவாதத்தில் பேச்சும் குழறியிருந்தால், அவர் சொல்வதைக் கருவி முதல் முறையிலேயே புரிந்துகொள்கிறதா என்று கவனியுங்கள். மின்சாரம் போய் வந்தபின் அதை மீண்டும் இயக்க அவர் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறதா என்பதையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள்.