ஸ்ப்ளிட் ஸ்பீட்போட் பயணம்: முதுகுவலி உள்ள அம்மாவோடு போகலாமா?

குரோஷியாவின் கடற்கரை நகரான ஸ்ப்ளிட்டிலிருந்து ஐந்து தீவுகளுக்குப் போகும் ஸ்பீட்போட் (விரைவுப் படகு) பயணத்துக்கு, முதுகெலும்புத் தேய்மானம் உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பயணத்துக்கு அவரைக் கூட்டிப் போகாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் சின்னப் படகு அது, அலையில் எழும்பி எழும்பி விழும். அந்தப் பயணத்தில் வரும் பீஷெவோ தீவின் நீலக் குகைக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கேயும் இன்னொரு சிறு படகுக்கு மாறி, தாழ்வான வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். யூகோ என்ற தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் குகையையே மூடிவிடுவார்கள். அப்படி ஆனால் பணம் திரும்ப வருமா, வேறு எங்கே கூட்டிப் போவார்கள் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அம்மாவும் வர வேண்டுமா? ஸ்ப்ளிட்டிலிருந்து பிராச் தீவின் சுபெதார் ஊருக்கு கார் ஃபெர்ரி (கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு) இருக்கிறது. சுமார் 50 நிமிடம்தான், ஆட்டமும் குறைவு. கழிப்பறையும் உண்டு (பல ஸ்பீட்போட்டுகளில் அது கிடையாது, விளம்பரத்தில் சொல்லவும் மாட்டார்கள்!). இறங்கிய இடத்திலேயே கடலோர நடை, சாப்பாட்டுக் கடைகள்.

சரி, நீங்கள் மட்டும் தீவுகளுக்குப் போவதானால் பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.