பாறையில் தேய வேண்டிய குளம்பு கொட்டிலில் வளைகிறது

கேள்வி: கொட்டிலிலேயே கட்டி நான்கு ஆடுகள் வளர்க்கிறேன். மண்தரைதான். எல்லாவற்றுக்கும் குளம்பு முன்பக்கம் நீண்டு வளைந்துவிட்டது. ஒன்று நொண்டுகிறது. வெட்டிவிடச் சொல்கிறார்கள்; ஆட்டுக்கு வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது. காட்டு ஆடுகளுக்கு யார் வெட்டிவிடுகிறார்கள்?

பதில்: பாறைதான் வெட்டிவிடுகிறது. நாம் வளர்க்கும் ஆடு, மேற்கு ஆசியாவின் மலைச்சரிவுகளில் திரிந்த காட்டாட்டிலிருந்து சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்டு வந்தது. அதன் கால் இன்னும் மலைக்கால்தான். குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போலக் கெட்டியானது. பாறையின் சின்ன விளிம்பிலும் ஊன்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அடிப்பகுதி மெத்தென்றிருப்பதால் கல்லில் அழுந்திப் பிடிக்கும். இரண்டு விரல்களும் தனித்தனியே விரியும். சறுக்கினால், பின்னால் சற்று மேலே உள்ள இரண்டு சிறு குளம்புகள் தரையில் பட்டுத் தடுக்கும். வட இத்தாலியில் சிஞ்சினோ என்ற அணையின் ஏறக்குறையச் செங்குத்தான கற்சுவரில், உப்பை நக்குவதற்காக ஐபெக்ஸ் காட்டாடுகள் ஏறி நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் உங்கள் ஆட்டுக்கும் கால் அமைப்பு ஒன்றேதான்.

கல்லில் தேய்ந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் குளம்பின் வெளிச்சுவர் ஓயாமல் வளர்கிறது. மண்தரையில் அது தேய வழியில்லை. நுனி நீண்டால் பாரம் குதிகாலுக்குப் போய்த் தசைநார்கள் இழுபடும். ஓரம் வளர்ந்து உள்பக்கம் மடிந்தால் அந்த மடிப்பில் சாணமும் சேறும் அடைந்துகொள்ளும். காற்றுப் படாத அந்த ஈரம்தான் குளம்பு அழுகல் கிருமிகளுக்கு வேண்டியது.

அதனால் தாராளமாக வெட்டலாம். வெளிச்சுவரில் உணர்ச்சி கிடையாது. முதலில் சேற்றைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மடிந்த ஓரத்தை வெட்டி, அப்புறம் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அடிப்பகுதி லேசாக இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் உயிருள்ள சதை. குளம்புக்கு மேலே முடி தொடங்கும் கோட்டுக்கு இணையாக அடிப்பாகம் அமைந்தால் சரி. பிறந்த சில நாளான குட்டியின் காலைப் பாருங்கள், அதுதான் அளவு. ஏற்கெனவே அதிகம் வளைந்ததை ஒரே நாளில் சரிசெய்ய முயல வேண்டாம். சில வாரம் விட்டு விட்டுக் குறையுங்கள். பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மழையில் நனைந்த பிறகு குளம்பு இளகியிருக்கும், வெட்டுவது சுலபம்.

நொண்டும் ஆட்டுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். விரல்களுக்கு நடுவே விரித்து முகர்ந்து பாருங்கள். அழுகிய வாடை, கசிவு, சிவப்பு இருந்தால் உடனே தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நிலையில் இரத்தம் வரும்படி வெட்டினால் ஆறுவது தள்ளிப்போகும். மற்ற ஆடுகளுக்கு, 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்துக் கால் நனைய நிறுத்தலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

கொட்டிலில் ஈரம் தேங்காமல் பாருங்கள். தீவனத் தொட்டிக்கு முன்னால் சொரசொரப்பான கற்களை அசையாமல் பதித்து, ஓரிரண்டைச் சற்று உயரமாக அடுக்கிவையுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவையே ஏறி நிற்கும்.