கேள்வி-பதில்: பக்கியின் மரத்தரை, அதற்கு மேல் நாம் பூசும் நம்பிக்கை

போன தடவை, பழைய பக்கியின் மரத்தரைக்கு வீட்டு வார்னிஷ் அடிக்காதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், டர்பன் பக்கம் பாதி வீடுகளில் தாத்தாவின் வண்டி இன்னும் கொட்டகையில் நிற்கிறது போலிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பக்கி என்றுதான் பெயர். ஆப்பிரிக்கான்ஸ் சொல், சிரிக்காதீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

*

அப்பா காய்கறி ஏற்றி வார்விக் சந்தைக்கு ஓட்டிய 1950களின் செவ்ரோலே. பின்பெட்டிக்குப் புதுப் பலகை போட்டு, கடையில் கொடுத்த பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கோட் அடித்தோம். கண்ணாடி மாதிரி மின்னியது. பத்து மாதத்தில் தோல் உரிகிறது, அடியில் மரம் கறுத்துவிட்டது. போலிச் சரக்கை ஏமாற்றி விற்றுவிட்டார்களா? (டொங்காட்)

சரக்கு போலி இல்லை, இடம்தான் தப்பு. அது வீட்டுக்குள் தரைக்கு அடிப்பது. மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக அசையாது. வீட்டு வார்னிஷ் கெட்டியான தோல், அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் முடி போல விரிசல் விடும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. இன்னொரு பக்கம், தெளிந்த வார்னிஷைத் தாண்டி வெயில் மரத்தின் மேற்பரப்பையே அரிக்கும். பிடிமானம் போனதும் தோல் கழன்று வரும். மேலே இன்னொரு கோட் அடித்து இதை மூட முடியாது. முழுக்கச் சுரண்டி எடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அடிப்பக்கம் அடித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆகவே அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் வண்டிக்கு மேல்பக்கம் மட்டும் ஆறு கோட், அதைப் பார்க்கத் தெருவே வந்தது. சக்கரம் வாரியடித்த தண்ணீரைக் கீழ்ப்பக்கம் குடித்துக் குடித்து, ஒரு மழைக்காலத்தில் பலகைகள் கிண்ணமாய் வளைந்தன. மேல், கீழ், இரண்டு ஓரம், இரண்டு முனை என்று பலகைக்கு ஆறு முகம். ஆறையும் வண்டியில் பூட்டுவதற்கு முன்பே பூச வேண்டும். அறுத்த முனைதான் கட்டுக் குழாய்களைச் சேர்த்து வெட்டினது போல ஈரத்தை உறிஞ்சும். அங்கே மூன்று தடவையாவது கூடுதலாகப் பூசுங்கள். போல்ட் துளைகளின் உட்சுவரையும் விடாதீர்கள்.

பளபளப்புதான் வேண்டும் என்றால் படகுக்கு அடிக்கும் ஸ்பார் வார்னிஷ் வாங்குங்கள். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வெயிலைத் தாங்கும் மருந்தும் கலந்திருக்கும். முதல் கோட்டைத் தின்னர் விட்டு இளக்கி மரத்துக்குள் இறங்க விடுங்கள். அப்புறம் மெல்லிய கோட் ஐந்தோ ஆறோ, நடுநடுவே 240 நம்பர் உப்புத்தாள். உரிய ஆரம்பிக்கும்வரை காத்திருக்காமல் வருஷத்துக்கு ஒரு தடவை லேசாகத் தேய்த்து ஒரு கோட் போட்டுவிடுங்கள்.

ஒரு சங்கதி. அப்பா வாங்கின காலத்தில் அந்தப் பலகை மின்னவே இல்லை, பெயிண்ட் அடித்துத்தான் வந்தது. கண்ணாடிப் பளபளப்பெல்லாம் கண்காட்சிக்காரர்கள் பின்னால் கொண்டுவந்த பழக்கம். வெயிலை மறைப்பதில் நல்ல பெயிண்டை எந்த வார்னிஷும் மிஞ்சாது. ஆனால் பழைய பெயிண்ட் மிச்சம் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். முகமூடி போட்டு, நனைத்துத் தேயுங்கள், பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

*

எபாக்சி பிசின் ஊற்றிவிட்டால் ஒரே வேலையில் முடிந்துவிடும் என்கிறார்களே? (வெருளம்)

முடியாது. வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளித்து மாவாகும், அதற்கு மேலேயும் வார்னிஷ் வேண்டும். வேலை ஒன்று குறையும் என்று நினைத்தால் ஒன்று கூடும்.

*

பக்கியின் பின்பெட்டிக்கு என்று சொல்லித்தான் பலகை கேட்டேன். மருந்து ஏற்றின பைன், வெளியில் போட்டாலும் அசையாது என்று கொடுத்தார்கள். முத்திரையில் எச்2 என்று இருக்கிறது. நாலு மாதத்தில் முனைகளில் பூஞ்சை, கத்தி வைத்தால் இறங்குகிறது. கல்லாவுக்கு மேலே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். 2,800 ராண்ட் போச்சு. (ஃபீனிக்ஸ்)

போகவில்லை, உட்காருங்கள்.

முதலில் மரம். இந்த நாட்டில் மருந்து ஏற்றின மரத்தில் எச் எழுத்தும் எண்ணும் இருக்கும். எச்2 என்பது கூரைக்கடியில், மழை படாத இடத்துக்கு. எச்3 வெளியே, தரையைத் தொடாத இடத்துக்கு. எச்4 மண்ணில் புதைக்க. மழையில் நிற்கிற பக்கிக்கு எச்3-க்குக் குறைந்து எதுவும் கொடுக்கக் கூடாது. விற்றவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்; தெரியாது என்றால் மரக்கடை எதற்கு?

இப்போது கல்லாவுக்கு மேலே தொங்கும் அந்த அறிவிப்புப் பலகை. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினால், அந்தச் சரக்கை வழக்கமாக விற்கிற கடைக்காரர் அந்த வேலைக்கு ஏற்றதைத்தான் தர வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. பொருள் சரியில்லை என்றால் 6 மாதத்துக்குள் திருப்பலாம், திருப்பும் செலவும் கடையைச் சேர்ந்தது என்கிறது 56-ஆம் பிரிவு. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. கடைக்காரர் "கிரெடிட் நோட் தருகிறேன், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இழுப்பார். அது அந்த மூன்றில் இல்லை. சட்டம் கொடுத்ததைச் சுவரில் ஆணியடித்த ஒரு தகரம் பிடுங்க முடியாது. நீங்கள் மனம் மாறித் திருப்பினால் அவர் மறுக்கலாம். உளுத்த சரக்குக்கு மறுக்க முடியாது. இருந்தும் வருஷக்கணக்காக அந்தத் தகரம் தொங்குகிறது, ஏனென்றால் நாம் அதைப் படித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வருகிறோம். என் அம்மா ஒரு தையல் இயந்திரத்தோடு இப்படித்தான் திரும்பி வந்தார். அது சாகும்வரை தைக்கவில்லை.

கடைக்காரர் என்ன சொல்வார் என்பதையும் சொல்கிறேன்: "நீதானே அறுத்தாய், அறுத்த முனையில் மருந்து இல்லை." அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மருந்து மரத்தின் நடுவரை போவதில்லை, அறுத்த முனையில் மறுபடி மருந்து பூச வேண்டும். ஆனால் வெளிவேலைக்கு எச்2 கொடுத்ததற்கு அது பதில் ஆகாது. பில், முத்திரை தெரியும்படி ஒரு படம், பூஞ்சை பிடித்த முனையின் படம் மூன்றையும் வைத்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 6 மாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. இன்றைக்கே எழுதுங்கள்.

அடுத்த தடவை, "பக்கி பின்பெட்டிக்கு, வெளி உபயோகம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. பச்சை நிறத்தில் மருந்து ஏற்றின துண்டுகளை ஞாயிற்றுக்கிழமை பிராயில் (கறி சுடும் நெருப்பில்) போட்டுவிடாதீர்கள். அதில் ஆர்சனிக் இருக்கிறது, புகை கறியில் ஏறும்.

*

தைப்பூசத்துக்கு மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலுக்குக் காவடி ஏற்றிப் போக வேண்டும். மூன்று நாள்தான் இருக்கிறது. இன்று வார்னிஷ் அடித்தால் காயுமா? (காட்டோ மேனர்)

தொட்டுப் பார்க்கக் காயும், ஆள் ஏறி நிற்கக் காயாது. நம் பிப்ரவரிப் புழுக்கத்தில் இன்னும் மெதுவாகத்தான் காயும். இந்த வருஷம் வெறும் பலகையோடு போங்கள். முருகன் வார்னிஷைப் பார்க்க மாட்டார்.

*

போனில் விளம்பரம் பார்த்து 65,000 ராண்டுக்கு 1970-ஆம் வருஷத்து ஃபோர்டு வாங்கினேன். விற்றவர் ஒரு தனி ஆள். பின்பெட்டியில் ரப்பர் பாய் விரித்திருந்தது. வீட்டுக்கு வந்து தூக்கினால் பலகை எல்லாம் கேக் மாதிரி உதிர்கிறது, குறுக்குச் சட்டங்களும் துரு. எழுதிக்கொடுத்த தாளில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று போட்டிருக்கிறார். (சாட்ஸ்வர்த்)

65,000 ராண்டை எண்ணிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆனது? பாயைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஃபூட்ஸ்டூட்ஸ் என்றால் உள்ளது உள்ளபடி. வண்டி வியாபாரி அதன் பின்னால் ஒளிய முடியாது, அவரை நுகர்வோர் சட்டம் பிடிக்கும். வியாபாரம் செய்யாத தனி ஆள் விற்றால் அந்தச் சொல் செல்லும். உளுத்தது தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் கதவு திறக்கும். விற்பதற்கு முன் அவர் யாரிடமாவது பலகைக்கு விலை கேட்டாரா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் வக்கீலிடம் போகலாம். இல்லாவிட்டால் மரக்கடைக்குத்தான் போக வேண்டும்.

ரொம்பவும் திட்டிவிட்டேன். நானும் ஸ்டேஞ்சரில் ஒரு வண்டியை ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் வாங்கினவன்தான். காலையில் பார்த்தால் கதவுகள் இரண்டும் இரண்டு நிறம். அந்த ரப்பர் பாயைத் திரும்பப் போடாதீர்கள். அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பலகையைத் தின்றது அதுதான்.

*

எந்த மரம் நல்லது? ஓக், பாலவ், மெராண்டி, பைன் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (லெனேசியா)

பாலவ் வெளியில் நன்றாகத் தாங்கும். ஆனால் பைனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, முதல் மழைகளில் பழுப்புச் சாறு வடியும். ஓக் அழகு. இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புக் கறை போடும், ஆகவே எவர்சில்வர் போல்ட் போடுங்கள். மெராண்டி என்பது ஒரு மரமே இல்லை, ஒரு கூட்டம். இளஞ்சிவப்பாய் எடை குறைந்து இருப்பதை வெளிவேலைக்கு வாங்காதீர்கள். ரோட்டோரத்தில் பாதி விலைக்கு வந்தது என்று நான் வாங்கினது அதைத்தான், அதுவும் ஈரமாக. மலிவு மரமானாலும் பூசும் வேலை நல்ல பைனுக்கு ஆகிற அளவுதான். எந்த மரமானாலும் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். கடையில் ஈரமானி இருக்கும், குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் உலர்ந்த மேட்டுநிலம். அங்கே இறுக்கிப் பூட்டிய பலகை, டர்பனுக்கு விடுமுறைக்கு வந்தால் வீங்கி, பலகைகளுக்கு நடுவே மேலே பூட்டிய இரும்புப் பட்டையையே தூக்கும். பட்டைக்கு அடியில் பலகைகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள்.

*

வீட்டுக்காரர் பக்கிப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார். துடைத்த துணிகளைச் சுருட்டிக் கராஜ் மூலையில் போட்டிருக்கிறார். தொட்டால் சுடுகிறது. இது சாதாரணமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அம்மா, உங்களுக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டி வைத்த துணியில் அது வெளியேறாமல் தானே தீப்பிடிக்கும். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூட வேண்டும். இந்த எச்சரிக்கையை டப்பாவில் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள். மரத்துக்குப் பூசும் டங் கொட்டை எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கைதான். வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள்: நம் ஈரக் காற்றில் வெறும் ஆளிவிதை எண்ணெய் பூசின பலகையில் கறுப்புப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது.

*

இணையத்தில் அளவு கொடுத்து அறுத்த பலகை வரவழைத்தேன். நிறம் பிடிக்கவில்லை. 7 நாளுக்குள் திருப்பலாம் அல்லவா? (அம்லாங்கா)

அளவுக்கு அறுத்ததற்குக் கிடையாது. மாதிரித் துண்டு கேட்டிருக்க வேண்டும்.

*

ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் கரைக்கு வந்தபோது பக்கி நிறைய மீன் ஏற்றினேன். பலகையில் வாடை போகவில்லை, போல்ட்டெல்லாம் துரு. (உம்கோமாஸ்)

உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் துருவும். நல்ல தண்ணீர் விட்டு அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவி, இரண்டு வாரம் காயவிட்டு, போல்ட்டைக் கழற்றி மாற்றுங்கள். வாடைக்கு வினிகர் தேய்த்துப் பாருங்கள். அடுத்த ஜூலையில் மூடி போட்ட பெட்டியில் ஏற்றுங்கள், எனக்கும் ஒரு பெட்டி அனுப்புங்கள்.