சாட்சி மைக்கில் இல்லை, மண்டியில்தான்: சில கேள்விகள், என் பதில்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். விசுவாசத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கை நிஜமாகவே மாறுகிறதா, அதைப் பார்த்து மற்றவர்கள் வருகிறார்களா என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் போதகர் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் புளி மண்டி வைத்திருக்கிறேன், சபையில் மூப்பராக இருக்கிறேன், இருபது வருடமாக ஞாயிறு மாலை வேத வகுப்பு எடுக்கிறேன், அவ்வளவுதான்.

பென்னாகரத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, நான் சபைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். இயேசுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே சிரிக்கிறார். எப்படிச் சொன்னால் கேட்பார்?

சொல்லாமல் இருந்தால் ஒருவேளை கேட்பார், தங்கச்சி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேதத்தில் 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவன்மார் 'போதனையின்றி' மனைவியின் நடக்கையால் ஆதாயப்படுவார்கள் என்று இருக்கிறது. போதனையின்றி! நாம் அந்த ஒரு வார்த்தையைத் தாண்டிக் குதித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதே பிரசங்கத்தையும் சேர்த்து வைக்கிறோம்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மனைவி 1998இல் விசுவாசத்துக்கு வந்தாள், நான் வந்தது 2002இல். இடையில் நாலு வருடம் அவள் என்னிடம் இயேசுவைப் பற்றிப் பேசியது மொத்தமே பத்துத் தடவை இருக்காது. ஆனால் ஒரு காரியம் செய்தாள். அப்போது மண்டிக் கணக்கை அவள்தான் எழுதுவாள். சித்தேரி மலை அடிவாரத்திலிருந்து பெண்கள் கொட்டைப்புளி கொண்டுவருவார்கள், நான் எடை போட்டு, சாக்குக் கழிவு, தூசிக் கழிவு என்று 100 கிலோவுக்கு 5 கிலோ கழித்துச் சொல்வேன். சாக்கு என்ன கனம் இருக்கும்? ஒரு கிலோகூட வராது. அவள் ஒரு நாள் துண்டுச் சீட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "கழிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என் கையால் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை இல்லை, வசனம் இல்லை. அன்று ராத்திரி களியும் கீரைக் குழம்பும் வழக்கம் போல வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

இரண்டு விஷயம் கூடவே சொல்லியாக வேண்டும். ஒன்று, அவர் அடிக்கிறவராக இருந்தால் பொறுத்துக்கொண்டு கிடப்பது விசுவாசம் ஆகாது. பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள், அம்மா வீட்டுக்குப் போங்கள், அப்புறம் ஜெபிக்கலாம். இரண்டு, பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல மனது வந்து நிறுத்துகிறேன் என்று சொல்லும் அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு தம்பி: நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். குடியை விட்டது, கோபத்தை விட்டது எல்லாம் இயேசு செய்தார் என்கிறீர்கள். எங்கள் லைனில் ஒருத்தர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை விட்டார். அதற்கு என்ன சொல்வீர்கள்?

நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷம் என்று சொல்வேன். என் பக்கத்துக் கடைக்காரரும் அப்படித்தான் விட்டார், 48 நாள் மாலை கழற்றிய பிறகும் தொடவில்லை, பதினோரு வருடம் ஆகிறது. கிறிஸ்தவர்கள் மட்டும்தான் திருந்துகிறார்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை, அப்படிச் சொல்லும் ஆட்களிடம் நான் சண்டைக்கே போவேன்.

நாங்கள் சொல்வது வேறு. நான் நல்லவனானதால் தேவன் என்னை ஏற்றுக்கொண்டார் என்பதில்லை, கெட்டவனாக இருக்கும்போதே ஏற்றுக்கொண்டார், அந்த அதிர்ச்சியில்தான் மாற ஆரம்பித்தேன். சகேயு கதையைப் படித்துப் பாருங்கள், லூக்கா 19. வரி வசூலில் அநியாயமாகச் சேர்த்த ஆள். முதலில் திருந்து, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார், அதற்குப் பிறகுதான் அந்த மனுஷன் எழுந்து நின்று பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்கிறான். இந்த வரிசைதான் எங்கள் நம்பிக்கையின் முதுகெலும்பு. இது உங்களுக்கு நிரூபணம் ஆகாது என்று தெரியும் தம்பி. எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் ஆச்சு ஐயா. இன்னும் கோபம் வருது, கெட்ட வார்த்தையும் வருது. நான் இரட்சிக்கப்படவே இல்லையோ?

எட்டு மாதம்தானே. ஜான் நியூட்டன் என்று ஒரு ஆங்கிலேய மாலுமி. 1748இல் புயலில் கப்பல் மூழ்கப்போகும் நேரத்தில் தேவனைக் கூப்பிட்டார், அதையே தன் மனமாற்றத்தின் நாளாகக் கடைசி வரை நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பலுக்கே கேப்டன் ஆனார். 1754இல் கடல் வேலையை விட்டதும் உடம்பு சரியில்லாமல் போனதால்தான். அந்த வியாபாரம் கொடுமை என்று வெளிப்படையாக எழுதி, தன் பங்குக்காக வெட்கப்பட்டது 1788இல். நாற்பது வருடம்! இதை உங்களுக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அந்த நாற்பது வருடத்துக்குள் செத்த ஜனங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். ஆனால் வெளிச்சம் வீட்டின் எல்லா அறைக்கும் ஒரே நாளில் போவதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

கலாத்தியர் 5இல் இருப்பதை ஆவியின் 'கனி' என்றுதான் எழுதியிருக்கிறது. நம் ஊரில் மாங்கன்று நட்டு எட்டாம் மாதம் காய் கேட்பவனை என்ன சொல்வோம்? கோபம் வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். முன்பு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் இப்போது சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்கிறாரா? அப்படியானால் பூ பிடித்திருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து, பெயர் போட வேண்டாம் என்றவர்: எங்கள் சபையில் ஒரு அண்ணன் சாட்சி, அதாவது தான் மாறிய கதை, சொல்லும்போதெல்லாம் கதை பெரிதாகிக்கொண்டே போகிறது. சகிக்க முடியவில்லை.

தெரியும், எங்களிடமும் இருந்தார். முதல் வருடம் தினம் ஒரு குவார்ட்டர் குடித்தவர், மூன்றாம் வருடம் ஆஃப், ஐந்தாம் வருடம் கன்வென்ஷன் மேடையில் இரண்டு ஃபுல். இந்தக் கணக்குப்படி அவர் உயிரோடு இருந்திருக்கவே கூடாது. முன் வரிசையில் அவர் சம்சாரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், அந்த முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் அல்லேலூயா சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாற்கு 5இல் பிசாசு பிடித்துக் கல்லறையில் கிடந்தவன் குணமானதும் கூடவே வருகிறேன் என்று இயேசுவைக் கெஞ்சுகிறான். அவர் விடவில்லை. உன் வீட்டாரிடம் போ, உன் இனத்தாரிடம் சொல் என்று அனுப்பிவிட்டார். காரணம் அங்கே எழுதவில்லை. என் யூகம், அவன் எப்படி இருந்தான் என்று தெரிந்தவர்களிடம் மிகைப்படுத்த முடியாது. வீட்டாருக்கு முன்னால் சொல்லக் கூசும் சாட்சியை மைக்கில் சொல்லாதீர்கள். அந்த அண்ணனிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்து வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தங்கை: அங்கிள், ஒருத்தர் வாழ்க்கையைப் பார்த்து மற்றவர்கள் வருவது வரலாற்றில் உண்மையாக நடந்திருக்கிறதா, இல்லை பிரசங்கத்தில் சொல்வது மட்டும்தானா?

நடந்திருக்கிறது அம்மா, எனக்குப் பிடித்த கேள்வி இது. எகிப்தில் பக்கோமியுஸ் என்று ஒரு இளைஞன், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ரோமப் படைக்குக் கட்டாயமாகப் பிடித்துப்போய் ஒரு ஊரில் அடைத்து வைத்தார்கள். ராத்திரி யாரோ வந்து கைதிகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். இவர்கள் யார், நம்மைத் தெரியவே தெரியாதே என்று கேட்டான். கிறிஸ்தவர்கள், எல்லோருக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது. விடுதலையானதும் போய் ஞானஸ்நானம் எடுத்தான். துறவிகள் ஒன்றாகச் சேர்ந்து வாழும் மடங்களை முதலில் ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

எதிரி வாயிலிருந்து வந்த சாட்சியும் உண்டு. ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டுவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை நிமிர்த்தப் பார்த்தவன். 362 வாக்கில் ஒரு பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே, நமக்கு வெட்கம் என்று புலம்பியிருக்கிறான்.

இதெல்லாம் தூரம் என்றால் கொல்லிமலைக்கு வா. ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் முதல் உலகப் போருக்கு முன்னால் அங்கே போனார்கள். மருந்து கொடுத்தார்கள், புண் கழுவினார்கள், வீடு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வருடக்கணக்கில் ஒருத்தர்கூட விசுவாசத்துக்கு வரவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் அந்த மலையின் பூசாரி. இன்ஃபுளுவென்சா காய்ச்சல் பரவிய காலத்தில் அந்தப் பூசாரி படுத்துவிட்டார், தொற்றுக்குப் பயந்து யாரும் கிட்டப் போகவில்லை. போனது இவர்கள் இரண்டு பேர்தான். சாகும் முன் அவர் தன் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். பிள்ளைகளை! எதிரியை நம்பி ஒரு தகப்பன் கொடுக்கக்கூடிய கடைசிப் பொருள் அது. அதற்குப் பிறகுதான் மலையில் சபை என்று ஒன்று ஆரம்பித்தது. ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் போய்விட்டார், ஈவ்லின் 1974இல், 95 வயதில் சாகும் வரை நம் பக்கத்து மலைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து விரல்களை நிமிர்த்திக் கொடுத்தவர்.

அரூரிலிருந்து ஒரு ஐயா: நான் இந்து. கோபித்துக்கொள்ள வேண்டாம். உதவி செய்து ஆள் பிடிப்பதுதானே இது?

கோபம் எதற்குங்க ஐயா, கேட்க வேண்டியதுதான். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. அரிசி மூட்டையைக் காட்டி ஜெபத்துக்குக் கூப்பிடுவது உதவி அல்ல, வியாபாரம். நான் வியாபாரி, எனக்கு வித்தியாசம் தெரியும். மதத்தைப் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பட்டியல் சாதியிலிருந்து ஒருத்தர் கிறிஸ்தவராக மாறினால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி போய்விடும், நம் மாநிலத்தில் பி.சி. ஆகிவிடுவார். பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று கணக்குப் போட்டால் அது நஷ்டம்தான். தெரிந்தே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்த அரிசி இழுத்தது என்று சொல்வது?

மத்தூரிலிருந்து: பொட்டு வைக்கலாமா, நகை போடலாமா, பக்கத்து வீட்டுப் பொங்கல் சாப்பிடலாமா?

இந்த மூன்றுக்கு மட்டும் பதினேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கித் திருப்பித் தராததைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பொட்டும் நகையும் உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டில் அன்பாகக் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பேசுங்கள், படைத்தது என்று மனசு உறுத்தினால் மரியாதையாகச் சொல்லுங்கள். 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் நிதானமாகப் படியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை மட்டும் பரிசுத்தம் என்று நினைக்காதீர்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: ஒரு விசுவாசி என்று நம்பிச் சீட்டுக் கட்டினேன். பணத்தோடு போய்விட்டார். இனி சபைப் பக்கமே வர மனசு இல்லை.

வர வேண்டாம் அம்மா, இப்போதைக்கு. முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சகோதரன் மேல் வழக்குப் போடக்கூடாது, மன்னித்துவிடு என்று யாராவது வந்தால், நீங்கள் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் மன்னிப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லுங்கள். எபேசியர் 4:28 திருடினவனுக்குச் சொல்வது, இனித் திருடாதே, கையால் உழைத்து இல்லாதவனுக்குக் கொடு என்று. அழுது ஜெபி என்று அங்கே இல்லை.

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வேத வகுப்பில் ஒரு தடவை, ஏமாற்றிய எடைக்குப் பணம் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். வாங்கியவர்களில் யாராவது விசுவாசத்துக்கு வந்தார்களா?

இல்லை தம்பி. ஒருத்தர்கூட இல்லை.

சகேயு மாதிரி நாலு மடங்கு கொடுக்க என்னிடம் இல்லை. பழைய துண்டுச் சீட்டுகளை வைத்து மூன்று வருடக் கணக்கு எடுத்தோம், என் மனைவிதான் கூட்டிப் போட்டாள். தவணையில் கொடுத்தேன். ஒருத்தர் வாங்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தார், வேறொன்றும் பேசவில்லை. ஒருத்தர் வாசலில் நிற்க வைத்துத் திட்டினார், திட்டி முடித்த பிறகு மோர் கொடுத்தார். ஒருத்தர் இறந்துபோயிருந்தார், மகனிடம் கொடுத்தேன், அவன் எதற்கு என்றே புரியாமல் முழித்தான்.

சித்தேரி அடிவாரத்து ஆயா ஒருத்தர் மட்டும், "காசை வை. ஆனா இனிமே என் கல்லுலதான் நிறுக்கணும்" என்றார். அடுத்த பருவத்துக்கு வீட்டிலிருந்தே ஒரு ஐந்து கிலோ படிக்கல்லைத் துணியில் முடிந்து தலையில் புளி மூட்டையோடு கொண்டுவந்தார். என் தராசில் முதலில் அவர் கல்லை வைக்க வேண்டும், முள் சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார், அப்புறம்தான் மூட்டையை இறக்க விடுவார். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, அதிலும் முதலில் அந்தக் கல்தான் ஏறும். 5.000 என்று காட்டினால்தான் அடுத்தது.

எப்போதோ ஒரு தடவை, "உங்க சாமி கும்புடுற எடத்துல பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். போன மாசியிலும் புளியோடு வந்தார், கல்லும் வந்தது.